சீழ் வைக்காத தொப்புள்

என் தம்பி மகனுக்குப் பிறந்து முப்பத்தைந்து நாளாகியும் தொப்புள் கொடி விழவில்லை. எனக்கு அதில் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. குரோம்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறவள் நான். அந்த வீட்டில் பயந்திருக்க வேண்டியவள் யாராவது உண்டென்றால் அது நான்தான். அதனால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு வெள்ளித் தாயத்து. எங்கள் வீட்டில் குழந்தையின் கொடி காய்ந்து விழுந்ததும் அதைப் பத்திரப்படுத்தி, தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கோத்து இடுப்பில் கட்டுவோம். தாயத்து வாங்கித் தருவது அத்தையின் உரிமை. அத்தை நான். குழந்தை பிறந்த மூன்றாம் நாளே தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி வைத்துவிட்டேன். கொடி விழுந்த பிறகுதான் தொட்டில் போடுவது என்று பேச்சு. அது விழுகிற வழியாக இல்லை. தொட்டில் போடுகிற நாளை இரண்டு முறை தள்ளிவைத்தோம். தினமும் சாயங்காலம் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "விழுந்துச்சா?" என்று கேட்பேன். "இன்னும் இல்ல அண்ணி" என்பாள், ஏதோ அவள்தான் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி குற்ற உணர்ச்சியோடு.

அவள் எங்கள் தாய்மாமா பெண். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே நான்தான். "வெளியில தேடி எதுக்கு அலையணும்? தெரிஞ்ச பொண்ணு, தெரிஞ்ச வீடு" என்று நான் பேசிய பேச்சில் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் சரி என்றார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மறைமலை நகருக்குப் போனேன். தம்பி அங்கே கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தேன். கொடி கறுத்து, அடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்புளைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு சீழ் இல்லை.

"சுத்தமா வெச்சிருக்கடி. சீழே வைக்கல பாரு. தானா விழும், விடு" என்றேன்.

நாத்தனார் வாயிலிருந்து பாராட்டு வருவதென்றால் சும்மாவா? அவள் முகம் அப்படி மலர்ந்தது. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு ஜுரம். தம்பி லீவு போட்டுவிட்டு, இருவரும் எங்கள் லேபுக்கு மேல்மாடியில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவர் அவர். அதிகம் பேச மாட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கீழே அனுப்பினார். நானே எடுத்தேன். மெஷினில் வைத்தேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை எண்பதாயிரத்தைத் தாண்டி வந்தது.

கைக்குழந்தைக்கு இருபதாயிரம் வரை போனால்கூட நாங்கள் பெரிதாகப் பதற மாட்டோம். எண்பதாயிரம் என்றால் மெஷின்தான் தப்பு என்று முடிவுகட்டி மறுபடி ஓட்டினேன். அதே எண். மூன்றாவது முறை ஓட்டும்போது, லேபைப் பெருக்கித் துடைக்கும் அம்மா துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், மிஷினு பேஜார் பண்ணுதா?"

"ஆமாம்மா" என்றேன். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தப் புற்று என்றுதான் நினைத்தேன். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். புற்றில் வருகிற முற்றாத செல்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பார்த்த இடமெல்லாம் நன்றாக முற்றிய நியூட்ரோஃபில்கள். காயத்துக்கும் கிருமிக்கும் முதலில் ஓடுகிற வெள்ளை அணு இதுதான். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி அழகாக இருந்தது. இவ்வளவு ஆள் பலம் வைத்துக்கொண்டு இந்தக் குழந்தைக்கு ஏன் ஜுரம் என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்லைடை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டாக்டர் அவருடைய மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார்.

"கொடி எப்போ விழுந்துச்சு?"

"இன்னும் விழல சார்."

"சீழ் இருந்துதா?"

"இல்ல சார். சுத்தமா இருக்கு."

அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமா பொண்ணு சார். நான்தான் முடிச்சு வெச்சேன்." அதை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு இரண்டு கோடு இழுத்தார். அது ரத்தக்குழாய். நடுவில் சின்ன வட்டங்கள்.

"எங்கேயாவது புண்ணுன்னா அந்த இடத்து செல்லெல்லாம் ஒரு சரக்கை வெளிய விடும். ஆள் அனுப்புங்கன்னு அர்த்தம். குழாயோட உள்சுவர் அந்தச் சேதியைக் கேட்டு, சின்னச் சின்னப் பிடியா வெளிய நீட்டும். ரத்தத்துல வேகமா போற வெள்ளை அணு அதுல தட்டித் தட்டி, வேகம் குறைஞ்சு, சுவர் மேலயே உருளும். உருளும்போது அதே சேதி அணுவுக்குள்ளயும் போகும். போன உடனே, அது மேல மடங்கிக் கிடக்கிற கையெல்லாம் நிமிர்ந்து சுவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். நிக்கும். அப்புறம் இடுக்குல நுழைஞ்சு வெளிய இறங்கி, சேதி எந்தப் பக்கம் கெட்டியா வருதோ அந்தப் பக்கம் நடக்கும்."

"இவனுக்கு?"

"கையே இல்லேன்னு நினைக்கிறேன். புண்ணு கூப்பிடுது. எலும்பு மஜ்ஜை ஆளை அனுப்பிக்கிட்டே இருக்கு. எல்லாம் வந்துடுச்சு. இறங்கத்தான் முடியல."

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேப்பரில் வருகிற ஏதோ ஒரு அபூர்வ வியாதியின் பெயரைச் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. குரோம்பேட்டையில் நிற்காமல் போகிற ஃபாஸ்ட் ரயில்தான் கண்ணில் வந்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஜனம், பிளாட்பாரத்தில் ஒருவருமில்லை. சீழ் என்பது வேறொன்றும் இல்லை, இறங்கி வந்து கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெள்ளை அணுக்களின் குவியல். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் சீழே வைக்கவில்லை என்று சொல்லி ஒருத்தியைப் பூரிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒரு பழைய காலத்து வேலை சொல்றேன். ரிப்போர்ட்டுல எழுதாதீங்க, சரியான டெஸ்ட்டுக்கு எப்படியும் சிட்டிக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். "நாம ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்."

டியூபில் இருக்கிற ரத்தம் இதற்கு உதவாது. உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் மருந்து, செல் ஒட்டுவதையே கெடுத்துவிடும். அதனால் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு துளியை நேராகக் கண்ணாடியில் வாங்கினேன். என் விரலில் குத்தி இன்னொரு கண்ணாடியில் ஒரு துளி. இரண்டின் மேலும் மெல்லிய மூடியைப் போட்டு, ஓரத்தில் வாசலைன் தடவினேன். ஏ.சி.யை அணைத்தேன். மே மாதத்து மூன்று மணி வெயில், ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கத்துச் சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. செல்களுக்கோ அது உடம்புச் சூடு.

முதலில் என்னுடையதைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் சாயம் போட்டுச் செத்த செல்கள். உயிரோடு இருப்பதை நிதானமாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை, யாருக்கு நேரம் இருக்கிறது? சிவப்பணுக்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு வெள்ளை அணு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஒரு பக்கத்தில் தண்ணீர் கசிகிற மாதிரி மெல்லிய ஓரம் ஒன்று புறப்பட்டது. அது கண்ணாடியைத் தடவிப் பார்த்தது. பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த சின்ன மணிகள் எல்லாம் அந்தப் பக்கம் பாய்ந்தன. பின்பகுதி மெல்ல விட்டுக்கொடுத்து, இழுபட்டு வந்தது. மறுபடி ஓரம் நீண்டது. எதிரில் சிவப்பணு ஒன்று வந்தபோது அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு எதன் வாசனையைப் பிடித்ததோ, சட்டென்று இடது பக்கம் திரும்பிற்று. கண் கிடையாது, மூளை கிடையாது. மேலே தொட்ட ஒரு சேதி உள்ளே போய், உள்ளிருந்து பதில் வந்து, அந்தப் பதில் நடையாக மாறுகிறது. என் உடம்புக்குள் இது கோடிக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. நானோ ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு குழந்தையுடையதை வைத்தேன். கூட்டம் கூட்டமாக இருந்தன. ஓரத்தை நீட்டின. நீட்டியது எதையும் பிடிக்காமல் நழுவியது. மறுபடி நீட்டின. ஸ்லைடை லேசாகச் சாய்த்ததும் அத்தனையும் ஒரு பக்கமாக மிதந்து போயின. மூடியை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாடிகளையும் உப்புநீரில் அலசிச் சாயம் போட்டோம். என்னுடையதில் ஒட்டிக்கொண்டவை ஏராளம். அவனுடையதில் தேடித் தேடிப் பார்த்ததில் நாலைந்து.

டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. அதே சமயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நீட்டி நீட்டித் தோற்கிற ஓரங்களிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஒரே ஒரு கை இல்லை. மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. அதற்கு ஒரு குழந்தை செத்துப்போகலாம்.

அன்றைக்கே சிட்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நினைத்தது சரி என்று அங்கே டெஸ்ட்டில் வந்தது. தொப்புள் கொடியை வெட்டி எடுத்தார்கள். அது தாயத்துக்கு வரவில்லை, மைக்ராஸ்கோப்புக்குப் போனது. நான் லேப் ஆள் என்று கெஞ்சிக் கூத்தாடி அந்த ஸ்லைடைப் பார்த்தேன். கொடியின் அடியில் இருந்த ரத்தக்குழாய்கள் வெள்ளை அணுக்களால் திணிந்து கிடந்தன. குழாய்க்கு வெளியே, கிருமி தின்றுகொண்டிருந்த சதையில், ஒன்றுகூட இல்லை.

மஜ்ஜையை மாற்றுவதுதான் வழி என்றார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கிருமியும் ஒரு கண்டம், எந்தக் கண்டம் கடைசி என்று யாருக்கும் தெரியாது. குடும்பத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். தம்பியுடையது முழுதாகப் பொருந்தவில்லை, அவன் பெண்டாட்டியுடையதும் இல்லை. என்னுடையது பொருந்தியது. எங்கள் அப்பா வழியில் தம்பிக்கும் எனக்கும் வந்த ஒரு பாதி, எங்கள் அம்மா குடும்பத்திலிருந்து எனக்கும் மாமா வழியாக அவளுக்கும் வந்த இன்னொரு பாதி. இரண்டும் குழந்தையிடம் எப்படிச் சேர்ந்திருந்ததோ அப்படியே என்னிடமும் சேர்ந்திருந்தது.

"சொந்தத்துல கட்டினதாலதான் இப்படிப் பொருந்துது" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா, ஆறுதலாக. வியாதியும் அதனால்தானே வந்தது? எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது. இன்னொன்றும் சொன்னார். அந்தக் கை எனக்கும் பாதிதானாம். ஒரு பங்கு கெட்டது, ஒரு பங்கு நல்லது. "பாதி இருந்தாலே போதும். நாப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கீங்களே."

ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிற எனக்கு ஊசி என்றால் பயம். தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், சிரிக்கும்போதே கண் கலங்கினான். மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். ஒரு வாரம் குனிய முடியவில்லை. அந்தச் சிவப்புப் பையைக் குழந்தையின் நரம்பில் ஏற்றுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நரம்பில்தான் ஏற்றினார்கள். எலும்புக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயும் எலும்பு ஒரு சேதி விடுகிறது, அதைக் கேட்டு அவை தாமாகவே போய்ச் சேர்கின்றன என்று நர்ஸ் சொன்னபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புது அணுக்களில் கை இருக்கிறது என்று ரிப்போர்ட்டும் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் விடவில்லை.

எங்கள் லேபிலேயே அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன். பெண்களின் நியூட்ரோஃபிலில் ஓர் அடையாளம் உண்டு. உள்ளே இருக்கும் கருவின் ஓரத்தில், மெல்லிய காம்போடு ஒரு சின்னக் குமிழ் தொங்கும். எல்லாவற்றிலும் இருக்காது, நூறில் இரண்டு மூன்றில் கண்ணில் படும். ஆணின் செல்லில் அது இருக்காது. அவன் ரத்தத்தில் அதைப் பார்த்தேன். என்னுடையவை. உடம்பு சிலிர்த்ததுதான், ஆனால் நம்பிக்கை வரவில்லை. ரத்தத்தில் இருப்பது ஒரு பெரிய காரியமா? எண்பதாயிரம் இருந்ததே அன்றைக்கு. அவை இறங்க வேண்டும். பாதிக் கை வைத்துக்கொண்டு என் ஆட்கள் இறங்குவார்களா என்பதை எந்த ரிப்போர்ட்டும் எனக்குக் காட்டவில்லை. தம்பி மகனுக்கு எங்கேயாவது சீழ் பிடிக்காதா என்று ஏங்கிய அத்தை ஊரிலேயே நான் ஒருத்திதான் இருந்திருப்பேன்.

அடுத்த கோடை வந்தது. ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தம்பி பெண்டாட்டியின் போன்.

"அண்ணி, நெத்தியில ஒரு கட்டி."

"சிவந்திருக்கா?"

"நல்லா சிவந்திருக்கு. வேனல் கட்டி மாதிரி இருக்கு."

"தொட்டா அழறானா?"

"வீடே அதிருது."

கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள், குரலை இறக்கி. "நடுவுல வெள்ளையா ஒரு முனை இருக்கு அண்ணி. பழுத்துருக்குன்னு நினைக்கிறேன்."

டாக்டர் வருவதற்கு முன்பே மூன்று பேரும் வந்து மாடிப்படியில் நின்றார்கள். அவர் கட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஜுரம் பார்த்தார். ஊசி முனையால் லேசாகத் தொட்டதும் அது உடைந்தது. நான் ஒரு கண்ணாடித் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார், வாங்கினார், மஞ்சளாக வந்ததில் ஒரு பொட்டைத் தொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சாயம் போட்டுட்டு என்னையும் கூப்பிடுங்க" என்றார்.

கீழே இறங்கும்போது பெருக்கும் அம்மா வழிமறித்தார். "இன்னா மேடம், கொயந்திக்குக் கட்டி வந்துகீது, நீ இன்னாடான்னா சிரிச்சிகினு போறே?"

"சீழ் வந்திருக்கும்மா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

லென்ஸுக்கு அடியில் குப்பை மேடு மாதிரி இருந்தது. சிதைந்த செல்கள், உடைந்த கருக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லாம் நியூட்ரோஃபில்கள். சிலவற்றின் வயிற்றில் விழுங்கிய கிருமிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அதுவே போதும், ஆனால் எனக்குப் போதவில்லை. முழுதாக இருந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாவது வரிசையில் இருந்தது. கருவின் ஓரத்தில், காம்போடு, அந்தக் குமிழ்.

என் இடுப்பெலும்பின் வம்சம் அது. அவன் எலும்பில் பிறந்து, நெற்றியிலிருந்து வந்த சேதியைக் கேட்டு, சுவரில் தட்டித் தட்டி உருண்டு, கையை நிமிர்த்திப் பிடித்து, நின்று, இறங்கி, நடந்து வந்து, கிருமியைத் தின்றுவிட்டுச் செத்துக் கிடந்தது. என் வாழ்நாளில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

"என்ன அண்ணி? இருக்கா?"

"சீழ்தான்டி. நல்லா வெச்சிருக்கு" என்றேன்.

அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பேஷன்ட் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். அவன் என் மூக்குக்கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு இழுத்தும் விடவில்லை.